தகடு நாற்பத்தொன்று

நகராட்சிக் கிடங்கில் என்னிடம் தந்தது
அறுபத்துமூன்று கண்ணாடித் தகடுகள்.
தூசி தட்டு, எண் போடு, பெட்டியில் அடுக்கு.
தகட்டுக்கு இவ்வளவு என்று கூலி.
பார் என்று யாரும் சொல்லவில்லை.

வால்பரைசோ, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
நிலம் குலுங்கி ஐந்தாண்டு ஆகிவிட்டது.
அதற்கும் விழாத வீடுகளை
இனி நகராட்சிதான் தள்ளவேண்டும்:
துறைமுகத்திலிருந்து நூல் பிடித்ததுபோல் ஒரு சாலை,
இரண்டு டிராம் உரசாமல் எதிரெதிரே போக.

தள்ளுமுன் வீட்டுக்கொரு படம். அது விதி.
எடுத்தவர் அன்செல்மோ ரிவதெனெய்ரா.
வீட்டைவிட அவருக்கு மணிக்கூண்டு பிடிக்கும்.
இடியப்போவது ரொட்டிக்கடை; மூலையில் மணிக்கூண்டு.
இடியப்போவது சவப்பெட்டி செய்கிறவர் கொட்டகை;
கூரைக்கு மேலே, எட்டிப்பார்க்கும் பிள்ளைபோல், மணிக்கூண்டு.
தபாலட்டைக்கும் ஒரு பிரதி விற்றாரோ என்னவோ.

நகரத்தில் அசைந்ததெல்லாம் தகட்டில் புகை.
குதிரைக்கு உடம்பிருக்கிறது, தலையில்லை.
மீன்காரியின் கூடை நிற்கிறது,
மீன்காரி போய்விட்டாள்.
மலைச்சரிவில் கம்பிவடத்தில் ஏறும் பெட்டிவண்டி
ஒரு கீறல்.

அசையாமல் நிற்பவன் ஒருவன்தான்.
கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோலைச்
சுவரோரம் செங்குத்தாகப் பிடித்து நிற்பவன்.
வாசல் எத்தனை உயரம், ஜன்னல் எத்தனை அகலம்
என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியவேண்டுமாம்.
நாற்பது வீடுகளுக்கு முன் நாற்பது முறை
அதே தொப்பி, அதே இடதுகாலில் பாரம்.
முகத்தில் ஒன்றுமில்லை. கோலுக்கு ஏது முகம்.

பத்தாவது தகட்டில் அவனுக்கு மீசை இருப்பதைப் பார்த்தேன்.
இருபதில், பூட்ஸ் இரண்டும் ஒரு ஜோடி அல்ல.
முப்பத்திரண்டில் ஒரு நாய் அவன் காலடியில்
அவனளவுக்கே அசையாமல்.
(என்ன சொல்லி உட்காரவைத்தானோ.)

நாற்பத்தொன்றில் அவன் இல்லை.

கோல் மட்டும் கதவில் சாய்ந்திருக்கிறது,
கொஞ்சம் சரிந்து, யாரோ வைத்துவிட்டு உள்ளே போனதுபோல்.
நெளிதகரம் அடித்த வீடு. ஒரே ஜன்னல்.
எண்ணெய் டின்னில் ஒரு பூச்செடி.
ஜன்னல் திரையில் ஒரு வெளுப்பு:
கையாக இருக்கலாம், கண்ணாடிப் பூஞ்சையாகவும் இருக்கலாம்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
நாற்பத்தொன்று. ஒரு அறை, ஒரு அடுப்படி.
குடியிருப்போர் நால்வர்.
தலைவர் எலெயுத்தேரியோ பாஹமொந்தே, நகராட்சி தினக்கூலி.

தெற்கே சிலோயே தீவுகளில் விளையும் பெயர் அது.
அங்கே வேண்டாத இடத்தில் வீடிருந்தால் இடிப்பதில்லை.
அடியில் உருளைமரம் கொடுத்து, மாடு பூட்டி,
ஊர் கூடி இழுத்துப்போவார்கள்,
திரைச்சீலை உள்ளே ஆட ஆட,
வேறு மேட்டுக்கு.
இங்கே அந்த ஊருமில்லை, மாடுமில்லை.
அளவெடுக்க ஒரு கோல் இருந்தது.
அது அவன் கையிலேயே இருந்தது.

ரிவதெனெய்ராவின் மணிக்கூண்டை அன்றைக்குத்தான் நான் மதித்தேன்.
வழக்கமாகத் தகட்டுக்குத் தகடு கால்மணி நேரம்.
நாற்பத்தொன்றில் பத்தேகால்.
நாற்பத்திரண்டில் பன்னிரண்டு இருபத்தைந்து.
இடையில் படமில்லை.

நாற்பத்திரண்டு: பக்கத்து வீடு, முடிதிருத்தகம்.
அவன் வந்துவிட்டான். தொப்பி இல்லை.
தோளில் சுண்ணாம்பு.
கோல் இப்போது இடதுகையில்.
வலதுகை மூடியிருக்கிறது, எதன்மீதோ.
பூதக்கண்ணாடி வைத்தேன், விளக்கை நகர்த்தினேன்.
கதவுக் குமிழா, ஆணியா, வெறுங்கையா.
வெள்ளித் துகள்கள்தான் பெரிதாகின்றன.
கை திறக்கவில்லை.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கூலிக் கணக்கு.
அந்த வாரம், அவன் பெயருக்கு நேரே,
அழகான சாய்வெழுத்தில்:
இரண்டு மணி நேரம் பிடித்தம்.

அந்தச் சாலையில்தான் என் பேருந்து வருகிறது.
முடிதிருத்தகம் இருந்திருக்கக்கூடிய இடத்தில்
சிவப்பு விளக்கு விழும்; நிற்போம்; பச்சை.

எனக்கும் அந்தத் தகட்டில் ஒரு பிற்பகல் போயிற்று.
கணக்கில் ஒரு தகடு என்றே எழுதினேன்.