ஐம்பது வரை

கூரையில் ஓடாமல் நின்ற மின்விசிறியைப் பார்க்கச் சொன்னார்.
பார்த்தேன், ஒரு நிமிடம் முழுக்க.
இமை இறங்கவில்லை.
கைகளை நீட்டச் சொன்னார். நீட்டினேன்.
ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்.
ஐம்பதைத் தொட்டதும்
"போதும் சகாயராணி, நல்லா இருக்கீங்க" என்று
சீட்டில் ஒரு கோடு இழுத்தார்.
அதே மாத்திரை. மூன்று மாதம் கழித்து வரவும்.

நல்லாத்தான் இருக்கிறேன்.
போன வருஷம் குடித்த தண்ணீர்
மூக்கு வழியாகத் திரும்பி வந்தது.
ஒரு பஸ் இரண்டாக வந்து
இல்லாததற்குக் கை காட்டினேன்.
இன்றைக்கு நிறைகுக்கரைத் தனியாக இறக்குகிறேன்.

ஆனால் டாக்டர்,
ஐம்பதுக்கு அடுத்து என்ன என்று
நீங்கள் கேட்டிருக்கலாம்.

ரேஷன் கடையில் பதினாறு வருஷம் பில் போட்டவள்.
அட்டையை நீட்டுமுன்பே
முகத்தை வைத்து எத்தனை கிலோ என்று சொல்வேன்.
இப்போது மஞ்சக்குட்டைக்காரர் எதிரே நிற்கிறார்,
அவர் பெயர் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது.
மூட்டத்தில் ஹெட்லைட்டை ஏற்றிப் போட்டால்
வெள்ளைதான் இன்னும் வெள்ளையாகும்,
மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள்.
யோசிக்க யோசிக்க அப்படித்தான்.
ஒரே வீட்டுக்குச் சர்க்கரையை இரண்டு தரம் அளந்தேன்.
குறைந்த இரண்டு கிலோ என் கைக்காசு.

இரவு இரண்டு மணிக்கு
ஸ்டீராய்டு என்னை எழுப்பிவிட்டுத்
தான் தூங்கப் போய்விடுகிறது.
பெஞ்சமின் புரண்டு படுக்கிறார்.
எழுப்பலாம். எழுப்பி?
வலிக்கிறது என்றால் எங்கே என்பார்,
பயமாயிருக்கிறது என்றால் எதற்கு என்பார்.
நல்ல மனிதர். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

களைப்பு என்று சொன்னால்
என்ன வேலை செய்தாய் என்கிறார்கள்.
செய்யவில்லை.
வாங்காத கடனுக்கு வட்டிக்காரன்
விடியுமுன்னே வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

டிசம்பரில் காபிப்பழம் புளித்து
தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு போனபோது
நான் மட்டும் கையை வீசி நடந்தேன்.
எதையும் தாங்குகிறவள் என்று நினைத்திருப்பார்கள்.

மாத்திரை வரிசையில் எனக்கு முன்னால்
ஒருவர். ஒரு கண் பாதி இறக்கிய ஷட்டர்.
செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறாராம்.
கையிலிருந்த சீட்டைப் பார்த்தாரோ என்னவோ,
ஊர் பேர் எதுவும் கேட்காமல்
"உங்களுக்கு வாசனை தெரியுதுங்களா?" என்றார்.

வரிசை இரண்டு அடி நகர்ந்தது. நாங்கள் நகரவில்லை.

"இல்லைங்க."
"எனக்குப் பெருங்காயமே தெரியல.
மூட்டையைக் கண்ணால பாத்துத்தான்
மண்டிக்கு வந்துட்டேன்னு நம்புறேன்."
சிரித்தார். உதடு
சிரிப்புவரை போய்ச் சேரவில்லை.
அவருக்கும் சேர்த்து நான் சிரித்தேன்.
பின்னாலிருந்து யாரோ முதுகில் தட்டினார்கள்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"
"அவர் கேக்கலையே."
எனக்கும் அதே பதில்தான் இருந்தது.
அதைச் சொல்லும்போது முதல்முறையாக
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம்.
எண்ணிக்கொண்டே ஏறுவது பழக்கம், இருபது வளைவு.
ஏழுக்குப் பிறகு விட்டுவிட்டேன்.
பலகை பதினொன்று என்றது. சரி, பதினொன்று.
டிக்கெட்டைத் திருப்பிப்போட்டு
கண்டக்டரிடம் பேனா வாங்கினேன்.
அடுத்த தடவை இதை அவர் மேஜைமேல் வைத்துவிடுவேன்,
அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

தூக்கம்.
வாசனை.
ஆட்களின் பெயர்.

நாலாவது ஒன்று இருந்தது,
மூன்றையும்விடப் பெரியது.
எழுதக் குனிந்தேன்,
பஸ் வளைந்தது.