கூட்டறிக்கை

மூன்றாம் முறையும் போட்டியில்லாமல் தெரிவானேன்.
குருநகர் இறங்குதுறைச் சங்கத்துக்கு
என்னை விட்டால் ஆளில்லை என்றார்கள்.
நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.
அவர்கள் சொன்னபோது மட்டும்
இல்லையென்று தலையாட்டினேன்.

கணக்காய்வாளர் வருகிறார் என்று
அறிக்கைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
மெற்றில்டாவின் கையெழுத்து. சாய்வில்லாதது.
மண்ணெண்ணெய் பங்கிட்ட நாள்,
வெளிச்சக் கம்பத்துக்குக் கடிதம் போட்ட நாள்,
'தலைவர் கூறினார்.'
'தலைவர் விளக்கினார்.'
'தலைவர் மீண்டும் விளக்கினார்.'
புரட்டப் புரட்ட நானே வந்தேன்,
வலை நிறையச் சாதாளை போல.

பங்குனிக் கூட்டத்தில் ஒரேயொரு வரி:
'எமிலியாம்பிள்ளை எழுந்தார். இருந்தார்.'

அவ்வளவுதான்.
இரண்டு சொல்லுக்கும் இடையில்
என்ன நடந்ததென்று அவள் எழுதவில்லை.
எனக்கும் ஞாபகமில்லை.
கையை உயர்த்தியிருப்பேன்,
'பிறகு கதைப்பம் அண்ணை' என்றிருப்பேன்,
சிரித்துக்கொண்டுதான்.
என் சிரிப்பைப் பற்றி எனக்கு
எப்போதும் நல்ல அபிப்பிராயம்.

அடுத்த கூட்டத்தில் கேட்டேன்:
'அண்டைக்கு என்ன சொல்ல எழும்பினனீங்கள்?'
தொப்பியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'மறந்துபோச்சுது தம்பி.'

இனி வாய் திறப்பதில்லை என்று இருந்தேன்.
பேசாமல் இருப்பது லேசென்றா நினைக்கிறீர்கள்?
வாடையில் நங்கூரக் கயிறு இழுப்பது போல
நாக்கு இழுத்தது.
மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை முனகியது.
யாரோ இருமினார்கள்.
சனம் என்னையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தது.

பின்வரிசையில்
நண்டு தரம்பிரிக்கிற லில்லிமலர்
எழும்பாமலே சொன்னாள்:
'தராசு பிழை.
கிலோவுக்கு எண்பது கிராம் அடிக்குது.
கனகாலமா.'

தராசடியில் நிற்பது றெஜினோல்ட்.
என் மனைவியின் தம்பி.
நானே பிடித்துக் கொடுத்த வேலை.

எனக்குத் தெரியாதென்று சொல்ல வாயெடுத்தேன்.
கொம்பனி லொறியில் ஏறும்போது
எங்கள் நிறையைவிடக் கூடி நின்ற நண்டு,
அவனுடைய புது மோட்டார்சைக்கிள்,
கேட்க வந்த கேள்வியை
நான் தேத்தண்ணியோடு விழுங்கிய ஒரு பின்னேரம்.
எனக்குத் தெரிந்திருந்தது.
தெரிந்திருந்தது என்பது
அப்போதுதான் தெரிந்தது.

எமிலியாம்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் எதையும் மறக்கவில்லை.

மெற்றில்டா பேனையை நிறுத்தினாள்.
'பேரோட எழுதவா?'
'பேரோட எழுதும்.
தலைவருக்குத் தெரியும் எண்டும் எழுதும்.'
'எப்பயிருந்து?'
குத்திக் கேட்கவில்லை அவள்.
எதற்கும் திகதி போடுகிற பழக்கம்.

அன்றிரவு பிலோமினா
கோப்பையில் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.
சொதி ஆறியிருந்தது. சாப்பிட்டேன்.
விடிய ஐந்து மணிக்கு வள்ளங்கள் கரைக்கு வரும்.
தராசடிக்கு ஆளில்லை, நான்தான் போகவேண்டும்.
அந்த முள்ளை வாசிக்க
எனக்குத் தெரியுமோ என்று
நெடுநேரம் நித்திரை வரவில்லை.