பதினொன்றேகால் அடி

நகராட்சிப் பதிவேட்டில் எங்கள் தெரு
பதினெட்டு அடி அகலம்.
வெள்ளைக்காரன் காலத்து ஓவர்சியர் யாரோ
கறுப்பு மையில் எழுதி
அடியில் கோடும் இழுத்திருக்கிறார்.

விடிகாலை ஐந்தரை மணிக்கு குன்னூர் மூடுபனியில்
டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த ஷகீலா பானு
கண்ணுக்குத் தெரியவில்லை.
குரல் மட்டும் வந்தது:
"பதினொண்ணேகால், ஜெசிந்தா.
எப்படி இழுத்தாலும் அவ்வளவுதான்."

தெருவின் மேல்கை என் வார்டு.
கீழ்க்கை அவளுடையது.
நடுவில் உள்ள குழிகள் யாருடையவை என்று
மூன்று கூட்டங்கள் பேசியிருக்கிறோம்.
ஒருமுறை டீ ஆறிப்போகும் அளவுக்கு.

மிச்சம் ஆறேமுக்கால் அடியைத் தேடினோம்.
வளைவில், பாதி சாக்கடைக்குள் சாய்ந்து,
எட்டு வருஷமாய் வழக்கில் கிடக்கும் எஸ்டேட் ஜீப்
நாலடி.
தார்ப்பாயின்மேல் பாசி, பாசியின்மேல் பெரணி,
அடியில் இந்த வருஷமும் ஒரு நாய் ஈன்றிருந்தது.
ஜீப்பில் சாய்த்து அடுக்கிய வர்க்கி அடுப்பு விறகு
ஒன்றரை.
எதிர்ப்பக்கம் ஒன்றேகால் அடி
என் வீட்டு வாசற்படி.

அதை மட்டும் ஷகீலா உரக்கச் சொல்லவில்லை.
நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சிவலிங்கம் சார் வாரத்துக்கு இருமுறை
டயாலிசிஸுக்கு இறங்குவது
பிளாஸ்டிக் நாற்காலியில்.
முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.
"சப்பரம் வருது, ஒதுங்குங்க" என்பார் அவரே.
சிலிண்டர் ஏற்ற அறுபது ரூபாய் தனிக்கூலி.
மே மாதமானால் போனில் மேப்பை நம்பி நுழைந்த
பெங்களூர் கார்கள்
முன்னும் போகாமல் பின்னும் வராமல்
அழும் குழந்தையோடு நிற்கும்.

தீர்மானம் வைத்தேன்:
கோடு போடுவது, ஜீப்பை எடுப்பது, மினி பஸ் விடுவது.
இருபதாம் வார்டு போஜன் எழுந்து கேட்டார்:
"பஸ் வந்துட்டா
ஷேர் ஆட்டோ ஓட்டுற நாலு பசங்க என்ன ஆவாங்க?"
நல்ல கேள்வி.
பதில் அன்றும் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை.
அதில் ஒருவன் எனக்காக நோட்டீஸ் ஒட்டியவன்.
இப்போது பார்த்தால் ஹாரன் அடிக்காமல் போகிறான்.

ஜீப்பை ஒன்பது பேர் தள்ளினார்கள்.
நாயையும் ஐந்து குட்டிகளையும்
சாக்கில் வாரி என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.
விறகு, "அடுத்த வாரம்" என்ற சொல்லின்மேல்
இன்னும் அடுக்கியபடியே இருக்கிறது.

படியை ஒரு வியாழக்கிழமை உடைத்தோம்.
"உடைத்தோம்" என்பது ஆரோக்கியம் சொல்வது.
கடப்பாரை என் கையில் இருந்தது.
மூன்று படி இருந்த இடத்தில் இப்போது ஒன்று,
அதுவும் செங்குத்து.
படம் எடுக்க வந்த கட்சிக்காரருக்கு
இறங்கும்போது கணுக்கால் சுளுக்கியது.

மஞ்சள் கோடு காய்ந்த முதல் ராத்திரி
ஒரு காட்டெருமை வந்து அதன்மேலேயே நின்றது,
விடியும்வரை.
அபராதம் எழுதுவது உன் வார்டா என் வார்டா என்று
ஷகீலா போன் செய்தாள்.

காலை ஏழு நாற்பது.
ஹாலன் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டு
பஸ்ஸை வளைவில் என் சுவரோடு ஒட்டித் திருப்புகிறார்.
விறகு இருக்கும்வரை வேறு வழியில்லை.
என் அடுப்படி சன்னலுக்கும் பஸ் சன்னலுக்கும்
இடையே ஒரு சாண்.
உள்ளே சிவலிங்கம் சார்,
மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்,
கம்பி வழியே நாலாய் மடித்த தாளை நீட்டுகிறார்.

மனு.
பஸ் தினமும் மூன்று நிமிடம் தாமதமாக வருகிறதாம்.

கடுகு வெடித்துக்கொண்டிருக்கிறது.
கரண்டியை இடது கைக்கு மாற்றி
வாங்கிக்கொள்கிறேன்.