மேலேயா, கீழேயா

எஸ்டர்ஹேசியில் இன்று மைனஸ் முப்பத்திநான்கு.
ஆயிரம் மீட்டர் கீழே
ஓரெஸ்ட் சட்டைக் கையை மடித்துவிட்டு வியர்க்கிறார்.
இரண்டுக்கும் சேராமல் நான்,
மளிகைக் கடைக்கு மேல்மாடியில்
கணினிக்குள் ஒரு சுரங்கம் தோண்டுகிறேன்.

தோண்ட நாற்பது விநாடி. தூசி இல்லை.
உப்புப் பாறையை
ஆறு லட்சம் நான்முகிகளாக நறுக்கி
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறேன்: மின்தடை.
ஊரில் அந்தச் சொல்லுக்கு
மெழுகுவத்தியைத் தேடு என்று பொருள்.
இங்கே, காய்ந்த உப்பு.

பிறகு கூரைக்கு மேல் இருபது மீட்டரில்
கொஞ்சம் தண்ணீரை ஒளித்துவைக்கிறேன்.
ஒளித்தவளே கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டும்,
அதுதான் ஆட்டம்.

தரையில் நான்கு மின்முனை.
வெளி இரண்டில்
ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறுகிறது மின்சாரம்.
உள் இரண்டும் காதைக் கொடுத்துக் கேட்கின்றன.
வளைவு ஓரிடத்தில் குழிகிறது.
அகப்பட்டது.

அதோடு விட்டிருக்கலாம்.
அதே தண்ணீரை அள்ளித்
தரைக்குக் கீழ் இருபது மீட்டரில் வைத்துப் பார்த்தேன்.
அதே குழி.

கோதுமை வயலில் நின்று அளப்பவர்களுக்கு
இந்தத் தொல்லை இல்லை.
அவர்கள் தலைக்கு மேல் வெறும் வானம்,
மின்சாரம் அதில் ஏறாது.
சுரங்கத்துக்குள் எல்லாத் திசையும் பாறை.
எங்களைச் சுற்றிக்கொண்டு போகும் மின்னோட்டம்
எந்தப் பக்கமாகப் போனேன் என்று சொல்வதில்லை.

ஓரெஸ்ட் கேட்பது ஒன்றே ஒன்று:
மேலேயா, கீழேயா?
கீழே என்றால் காபியைக் குடித்து முடிப்பார்.
மேலே என்றால்
எழுபது பேரை லிஃப்டில் ஏற்ற வேண்டும்.
உப்பு தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும்.
அறுபது ஆண்டாய் உப்பையே தின்ற சுரங்கம்
குடிக்கத் தொடங்கினால் நிறுத்தாது.

கூரையிலும் மின்முனை அறைந்தேன், கணினியில்தான்.
இப்போது நடுவிலிருக்கும் வெற்றிடமே ஒரு நிழல்.
இரண்டு வளைவும் சற்றே விலகின,
நூற்றுக்கு நான்கு.
நூற்றுக்கு மூன்று இரைச்சலைத் தூவினேன்.
விலகல் பிழைத்தது, மூச்சுவாங்கியபடி.

வியாழன் இரவு நிஜ அளவுகள் வந்தன.
காய்ந்த உப்பு கம்பியோடு பேச மறுத்ததால்
முனைக்குழிகளில் உப்புநீர் ஊற்றினார்களாம்.
தண்ணீரைத் தேடப் போகிறவர்கள்
தண்ணீரோடு போகிறார்கள்.
எண்பதாவது மீட்டரில் ஒரு பெரிய குழி,
என் நானூற்றுப் பன்னிரண்டு மாதிரிகளில்
எதோடும் ஒட்டவில்லை.

"எண்பதிலா?" ஓரெஸ்ட் யோசித்தார்.
"அங்கே கன்வேயர் சங்கிலி கிடக்கிறது.
நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே."

என் சுரங்கத்தில் எவரும் எதையும் விட்டுப்போனதில்லை.
சங்கிலி இல்லை, சாப்பாட்டு டப்பா இல்லை,
சுவரில் சுரண்டிய பெயர் இல்லை.
உப்புக்குச் சப்பாணியாய் ஒரு சுரங்கம்.

சங்கிலியைச் சேர்த்தேன். கண்ணி கண்ணியாக அல்ல,
நீளமாக ஓர் இரும்புக் கோடு.
குழி நிரம்பியது.

முழுக்க இல்லை.
அடியில் ஒரு விரல் ஆழம் மிச்சம்,
கூரை வளைவில் சற்று அதிகமாக.

ஓரெஸ்ட் இணைப்பில் இருக்கிறார்.
அவர் பக்கம் மின்விசிறியின் இரைச்சல்.
இதற்கு நான் சதவீதம் போடவில்லை.

"கூரையில் இன்னொரு வரிசை," என்றேன்,
"நெருக்கமாக. இன்றிரவே."

காபிக் குவளையைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.