பிளேன்டீ

மாசக் கடைசி.
பழுப்பு ட்யூப்பைக் கத்தரியால் பிளந்து
உட்தோலையும் வழித்தாயிற்று.
கன்ரீனில் பிளேன்டீ நாற்பது ரூபா,
ட்யூப் எண்ணூறு.
கணக்கில் நான் எப்பவும் மக்கு,
இது மட்டும் உடனே விளங்கியது.

கொம்பனித்தெரு ஸ்டேஷனைத்
தேத்தண்ணியில் தோய்த்துத் தோய்த்துக் கட்டினேன்.
துருப்பிடித்த கூரைக்கு மூன்று பூச்சு,
ஈரத் தண்டவாளத்துக்கு ஒன்று போதும்.
"ஆளே இல்லாத ஸ்டேஷனா?" என்றாள் ரிஸ்மியா.
எனக்குக் கால்கள் வராது.
அதை அவளிடம் சொல்லவில்லை.

ஹஷானி ஏதோ சிங்களத்தில் கதைத்தபடி
தூரிகை தோய்த்த கோப்பையை எடுத்துக்
குடித்தே விட்டாள்.
முகத்தைச் சுளித்துத்
தமிழில் சொன்னாள்:
"சீனி கூட."

படத்தைக் காயவிட்டு
வெள்ளவத்தைக்குக் கடைசி பஸ்.
ஆறுபேர் அறையில்
நகக்கண்ணெல்லாம் சாயம் மணக்கக் கிடந்தேன்.

காலையில்
பரீட்சகர்களுக்கு முன்னமே வந்துவிட்டன
எறும்புகள்.
மேடை நெடுகக் கறுப்புக் கூட்டம்,
அலுவலக நேரம்போல
ஒன்றையொன்று முட்டி, விலகி,
அத்தனைக்கும் ஆறாறு கால்.

வாசலில் சப்பாத்துச் சத்தம்.
ஊதிவிடக் குனிந்தேன்.

ஒன்று
தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.