பதினோரு அங்குலம்

குன்னூர் பெட்ஃபோர்டு வளைவுக்கு மேலே
பழைய துரை பங்களா, இப்போது ஓட்டல்.
சாப்பாட்டு மேசைக்கு அடியில்
அந்துப்பூச்சி தின்ற கம்பளம்.
"பாரசீகம் மேடம், முன்னூறு வருஷம்"
என்றார் மேனேஜர் குரியன்.
நான் பதில் சொல்லவில்லை.
கம்பளத்தின் முகம் எல்லோரிடமும் சிரிக்கும்.
புரட்டினால்தான் வாய் திறக்கும்.

நான்கு பேர் சேர்ந்து புரட்டினோம்.
சுருட்டுச் சாம்பல், நாய் மயிர்,
எந்த விருந்திலோ சிந்திய உப்பு.

பாவு பருத்தி. மில் நூல், சீரான முறுக்கு.
முன்னூறிலிருந்து இருநூறு போயிற்று.
சிவப்பைப் பிரித்துப் பார்த்தேன்:
நுனி சாம்பல், வேரில் இன்னும் ரத்தம்.
நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுக்கக் கற்ற புதிதில்
பிறந்த சிவப்பு அது.
வெளிச்சத்தைக் கண்டால் தலைமறைவாகிவிடும்.
அவுரி நீலம் மட்டும் போட்ட இடத்திலேயே நின்றது.
ஓரத்தில் தைத்த துணித்துண்டில்
ஜெயில் என்ற சொல்லின் பாதி.

எந்த ஜெயில் என்று தெரியாது.
மலைக்குக் கீழே, வெயிலில், ஏதோ ஒன்று.

அங்கே பலகையில் நான்கு பேர்.
பாரசீகத்தைப் படத்திலும் பார்க்காத ஒருவன்
சீட்டை வைத்து இழுத்துப் படிப்பான்:
மூணு சிவப்பு, ஒரு நீலம், ரெண்டு விட்டு வெள்ளை.
ஆச்சு, என்பார்கள் நால்வரும்.
சுற்று, இழு, வெட்டு.
வரிசை முடிந்தால் ஊடை இரண்டு,
இரும்புச் சீப்பால் நாலு அடி.
அங்குலத்துக்குப் பத்து வரிசை,
மொத்தம் பதினைந்து லட்சம் முடிச்சு.
பூவென்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது,
எண்ணிக்கை என்று தெரியும்.

இன்று இதே அளவை
ரப்பர் பால் பூசிய துணியில்
துப்பாக்கி போன்ற கருவியால் ஊசி ஊசியாகக் குத்தி
இரண்டு நாளில் முடித்துவிடலாம்.
அதையும் நான் தைக்கிறேன், விரிக்கிறேன்.
என் வீட்டு வாடகை அதில்தான் போகிறது.
அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

மின்சாரம் போயிருந்தது.
எலக்ட்ரீஷியன் பெள்ளி டார்ச் பிடித்தான்.
நான் ஓட்டையின் ஓரத்தை வாய்விட்டு எண்ணினேன்.
மூணு சிவப்பு, ஒரு நீலம்.
பில் புத்தகத்தின் பின்பக்கம் குறித்துக்கொண்டே
ஆச்சு, என்றான்.
யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

அப்போதுதான் விரல் தடுக்கியது.
இடமிருந்து மூன்றாவது ஆளின் இடத்தில்
முடிச்சுகள் திடீரென்று எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.
இடக்கைக்காரன்.
இருபத்தேழு அங்குல அகலம்,
பதினோரு அங்குல உயரம்.
அதற்குமேல் மறுபடி வலக்கை.

நாளுக்கு இரண்டு அங்குலம் என்றால்
ஐந்தரை நாள்.
ஆறாம் நாள் மத்தியானம் என்ன ஆயிற்று?
விடுதலையா, காய்ச்சலா,
சமையல்கட்டுக்கு மாற்றினார்களா,
அல்லது இடக்கை கூடாதென்று
வார்டர் சீப்பால் தட்டி
அதே ஆளை வலக்கைக்குத் திருப்பினானா?
பின்பக்கமும் எல்லாம் சொல்லிவிடுவதில்லை.

ஓட்டை சரியாக
அந்தப் பதினோரு அங்குலத்துக்குள்.

வலக்கையால் கட்டியிருந்தால்
எந்த விருந்தாளிக்கும் தெரியப்போவதில்லை.
ஜன்னலில் மேகம் முட்டிக்கொண்டிருந்தது.
கத்தியைக் கை மாற்றினேன்.
முதல் வரிசைக்கு ஒரு மணி நேரம்.
இரண்டாவதைப் பாதியில் அவிழ்த்தேன்.
கட்டைவிரல் வெட்டுப்பட்டது, லேசாகத்தான்.
வெள்ளைக் கம்பளி ஒன்றில் பட்டது,
கழுவினேன், முழுக்கப் போகவில்லை.

நான்கு நாள் என்று சொன்ன வேலை
ஒன்பது நாள் ஆயிற்று.
குரியன் காரணம் கேட்டார்.
பில்லில்
மழை, என்று எழுதினேன்.