பளு ஏற்றிய பிறகு

நேற்று மதியத்திலிருந்தே கோப்பி கூடாது என்றார்கள்.
பொத்தோங் பாசிர் கடைக்காரன் என்னைக் கண்டதும்
வழக்கம்போல் "கோப்பி ஓ கோசோங்" என்று குரல் கொடுத்துவிட்டான்.
காசு கொடுத்தேன், குடிக்காமல் வந்தேன்.
மேசையில் இந்நேரம் ஆறிக்கொண்டிருக்கும்.

நொவீனா. மூன்றாம் தளம்.
மின்தூக்கி நின்ற விதம் சரியில்லை,
தரைக்கு அரை விரல் மேலே.
முப்பத்தோரு வருடம் இதே வேலை,
கால் தானாகக் கண்டுபிடித்துவிடும்.
நெஞ்சில் என்ன என்று கேட்டால் மட்டும்
படியேறினால் யாரோ சட்டையைப் பிடித்து
முறுக்குகிற மாதிரி என்பேன்.
அதற்கு மேல் சொல்லத் தெரியாது.

அட்டையில் நூர் ஹஃபீஸா என்று பெயர்.
அவள் ஆங்கிலத்தில் கேட்க, நான் மலாயில் சொன்னேன்.
நெஞ்சு முடியை அங்கங்கே மழித்தாள்,
வில்லைகள் ஒட்டினாள், இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தாள்.
குளிர்ந்த களிம்பு.
சுவருக்குள் குழாய் எங்கே போகிறதென்று தேடுபவள்போல
விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.
"மூச்சை விடுங்க அங்கிள். அப்படியே பிடிங்க."

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வீடு.
நாலறை வீடு.
கடன் அடைக்க இருபத்தைந்து வருடம் பிடித்த
எங்கள் வீட்டைவிட ஒழுங்காய்ச் சாத்துகிற கதவுகள்.
"நல்லாத்தானே இருக்கு?"
"இப்ப ஓய்வில் இருக்கு," என்றாள்.

எனக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்.
காலிப் பெட்டி எப்போதும் ஒழுங்காகத்தான் ஓடும்.
தள்ளுவண்டியில் இரும்புக் கட்டிகள் கொண்டுவந்து
ஒவ்வொன்றாய் அடுக்கி, கதவு சாத்தி, மேலே அனுப்பி,
இயந்திர அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போமே,
அப்போதுதான் கம்பிவடம் வாய் திறக்கும்.

ஓடுபட்டை மெதுவாகத்தான் தொடங்கியது.
முதல் மூன்று நிமிடம் சந்தைக்குப் போகிற நடை.
அடுத்த மூன்று, மழைக்கு முன்னே பஸ் பிடிக்கிற நடை.
பிறகு தரை தலையைத் தூக்கியது.
எதிர்ச்சுவரில் கைகழுவும் முறை ஒட்டியிருந்தது,
அதன் ஏழாவது படத்தையே பார்த்துக்கொண்டு
எங்கும் போகாமல் ஏறினேன்.
நூற்று முப்பத்தெட்டு வரவேண்டும் என்றார் டாக்டர் இயோ.
நூற்று இருபத்திரண்டில் சட்டை முறுக ஆரம்பித்தது.

"வலியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தது.
ஈசூனில் ஒருமுறை, பளுவோடு இறங்கும்போது லேசாய் ஒரு கிறீச்.
கையெழுத்துப் போடு, மழை வருது என்றார் மேலாளர் ஆங்.
போடவில்லை.
பதினாறு மாடிக்காரர்கள் அன்றிரவு படியேறி ஏறி
மாடிக்கு மாடி என்னைத் திட்டினார்கள்.

"வலிக்குது," என்றேன்.

இளைப்பாற விடவில்லை.
இறங்கு, படு, திரும்பு.
ஒரு நிமிடத்துக்குள் பிடிக்க வேண்டுமாம்,
விட்டால் அதுவும் ஆறிவிடும்.
திரையில் இடப்பக்கம் ஓய்வு, வலப்பக்கம் ஓட்டம்.
எல்லாச் சுவரும் சேர்ந்து உள்ளே குவிய
முன்சுவர் நுனியில் ஓரிடம் மட்டும்
கூட்டத்தில் கைதட்ட மறந்தவனாய் நின்றது.
நூர் ஹஃபீஸா ஒன்றும் சொல்லவில்லை.
அந்த இடத்துக்கே மூன்று முறை திரும்பி வந்தாள்.
ஒண்ணுமில்லையே என்று குடியிருப்பாளர் கேட்கும்போது
நானும் அப்படித்தான்,
டார்ச்சை ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை குழாய்விட்டுப் பார்ப்பார்களாம்.
சந்திரமதியை அழைத்தேன்.
"ஒரு சுவர் மட்டும் லேட்டா வருதாம்."
"தாலி கட்டவே லேட்டா வந்த ஆளு," என்றாள்.
பிறகு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம்,
வெகுநேரம்.

களிம்பு ஈரத்தில் சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது.
வரவேற்பு மேசையில் மின்தூக்கியைப் பற்றிச் சொன்னேன்,
அரை விரல்தான், ஆனால் தடுக்கும் என்று.
அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்
என்றுதான் நினைக்கிறேன்.